கிழட்டு வேனில் கல்வராயன்!

ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு வேன். பின்பக்கம் இருவர் படுக்கப் பலகைக் கட்டில். கட்டிலுக்கு அடியில் அரிசி, பருப்பு, துணி மூட்டை. கதவோரம் ஒற்றை பர்னர் அடுப்பு. இப்படி ஒரு வண்டியில் கணவனும் மனைவியுமாகக் கல்வராயன் மலைக்குக் கிளம்பினால், அவர்களை முதலில் மறிப்பது நம்பர் பிளேட்தான்.

2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பழைய வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, சொந்த உபயோகத்துக்கான, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகள் ‘விண்டேஜ்’ ஆகும். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். பத்தாண்டுக்குச் செல்லும். அப்புறம் மறுபதிவுக்கு 5,000. நம்பர் பிளேட்டில் மாநில எழுத்துகளை அடுத்து ‘வி.ஏ.’ என்று வரும். பார்க்கக் கம்பீரம்தான். ஆனால், அந்த பிளேட்டை மாட்டிக்கொண்டு சாலையில் இறங்க எப்போது அனுமதி? கண்காட்சி, விண்டேஜ் ராலி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது... இவற்றுக்கு மட்டும்தான். கல்வராயன் அடிவாரத்துக் கோமுகி அணையைப் பார்த்துவிட்டு மேலே வெள்ளிமலையில் ஒரு ராத்திரி தங்குவதெல்லாம் அந்தப் பட்டியலில் கிடையாது.

அதனால், பழைய வண்டியை நிஜமாகவே ஓட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு அந்த கௌரவம் ஒத்துவராது. சாதாரணப் பதிவையே ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டு வரவேண்டும். அதற்கும் செலவு ஏறிக்கொண்டே போகிறது. 15 ஆண்டு தாண்டிய காருக்கு 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 ஆண்டு தாண்டியவற்றுக்கு 2025-ல் 10,000 ரூபாய் என்றார்கள்.

அடுத்து, அந்தக் கட்டில். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரித்த நிறுவனம் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொல்லிவிட்டது. கழற்றி எடுக்கக்கூடிய பலகையும் பெட்டிக்குள் அடங்கும் அடுப்பும் சாமான் கணக்கில் போகும். கூரையை அறுத்து உயர்த்தினால், சீட்டைப் பிடுங்கிவிட்டு அலமாரி அடித்தால், அந்தப் பிரிவு குறுக்கே வந்து நிற்கும்.

இத்தனை வில்லங்கம் இருந்தும் ஏன் இந்த ஆசை? காரணம் சொல்ல மூன்று ஜோடிகளைக் கூப்பிடலாம்.

நெடுஞ்சாலையில் ஒரு மாதம்

ஹூலியோ கொர்த்தஸார் என்ற பெயர் சிறுபத்திரிகை வாசகர்களுக்குப் பழக்கம். அர்ஜென்டினாவின் பெரிய எழுத்தாளர், பாரிஸில் வாழ்ந்தவர். அவரும் மனைவி கரோல் டன்லப்பும் 1982 மே மாதம் ஒரு சிவப்பு ஃபோக்ஸ்வேகன் கேம்பர் வேனில் பாரிஸிலிருந்து மார்செய் கிளம்பினார்கள். வேனுக்கு ‘ஃபாஃப்னர்’ என்று ஒரு டிராகனின் பெயர். ஒரே பகலில் முடிந்துவிடக்கூடிய தூரம் அது. இவர்கள் ஒரு மாதத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள். விதி இதுதான்: நெடுஞ்சாலையை விட்டு எங்கும் இறங்கக் கூடாது, வழியிலுள்ள ஓய்விடங்களில் தினம் இரண்டில் நிற்க வேண்டும், இரண்டாவதில் தூங்க வேண்டும். லாரிக்காரர்கள் ஒன்றுக்கு இருந்துவிட்டுப் பறக்கிற இடத்தில் இவர்கள் நாற்காலி போட்டு, டைப்ரைட்டரை வைத்து எழுதினார்கள். மரம், எறும்பு, குப்பைத் தொட்டி, என்ன சாப்பிட்டார்கள் என்பது வரை குறிப்பு. இருவருமே அப்போது நோயாளிகள். அந்த வருடம் நவம்பரில் கரோல் இறந்தார். அந்தக் குறிப்புகள் 1983-ல் இருவர் பெயரிலும் புத்தகமாக வந்தன. 1984 பிப்ரவரியில் கொர்த்தஸாரும் போய்விட்டார்.

இரண்டாவது ஜோடியும் அர்ஜென்டினாதான். ஹெர்மன் ஸாப், கண்டெலாரியா ஸாப். 2000 ஜனவரி 25 அன்று பியூனஸ் அயர்ஸிலிருந்து 1928-ம் வருடத்து கிரஹாம்-பேஜ் காரில் அலாஸ்காவுக்குப் புறப்பட்டார்கள். மரக் கம்பிச் சக்கரம் போட்ட வண்டி. ஆறு மாதத்தில் திரும்புவதாகத் திட்டம். திரும்பியது 2022 மார்ச்சில்! 102 நாடுகள், சுமார் 3,62,000 கிலோமீட்டர். வழியில் நான்கு குழந்தைகள் வெவ்வேறு நாடுகளில் பிறந்தார்கள். பிள்ளைகளுக்கு இடம் போதவில்லை என்று வண்டியை வெட்டி நீட்டினார்கள்; ராத்திரியில் கூரை மேல் கூடாரம். நம்மூர் 52-வது பிரிவு பார்த்தால் மயங்கி விழும்.

மூன்றாவது, ஜெர்மனியின் குந்தர் ஹோல்டோர்ஃப், கிறிஸ்டீன். ‘ஓட்டோ’ என்று பெயர் வைத்த மெர்சிடிஸ் ஜீப்பின் பின்பக்கத்தில் மெத்தை விரித்துத் தூங்கி, பக்கத்திலேயே சமைத்து, ஹோட்டலை முடிந்தமட்டும் தவிர்த்தவர்கள். 1988-ல் வாங்கிய வண்டி. 2010-ல் கிறிஸ்டீன் இறந்த பிறகும் ஹோல்டோர்ஃப் ஓட்டத்தை நிறுத்தவில்லை. 2014-ல் முடித்தபோது மீட்டர் சுமார் 9 லட்சம் கிலோமீட்டர் காட்டியது. வண்டி இப்போது ஸ்டுட்கார்ட்டில் மெர்சிடிஸ் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

இவர்களில் யாருக்கும் அவசரமில்லை. அந்த வண்டிகள் அவசரத்துக்கு ஒத்துழைக்கவும் செய்யாது. புது ஏ.சி. காரில் ஒருவர் ஓட்டுவார், மற்றவர் போனைத் தேய்த்துக்கொண்டு வருவார். பழைய வேனில் அது நடக்காது. ஒருவர் ஸ்டீயரிங்கில் இருந்தால் மற்றவர் என்ஜின் சத்தத்துக்குக் காது கொடுக்க வேண்டும், டெம்பரேச்சர் முள்ளைப் பார்க்க வேண்டும், வளைவில் தலையை வெளியே நீட்டி “வரலாம்... வரலாம்... நில்லு” சொல்ல வேண்டும். முப்பது வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கும் இது புதிதாகப் பேச விஷயம் கொடுக்கும். சண்டைக்கும்தான்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வேன் வாழ்க்கைப் படங்களில் மனைவி எப்போதும் கதவோரம் உட்கார்ந்து தேநீர் கலந்துகொண்டிருப்பார். வீட்டு அடுப்படியைச் சக்கரத்தில் ஏற்றி மலைமேல் கொண்டுபோய் அங்கேயும் அவரே சமைக்க வேண்டும் என்றால், யாருக்கு விடுமுறை? மலை ஏறும் முன் தீர்த்துக்கொள்ள வேண்டிய கணக்கு இது. காலை இட்லியை வழியில் கச்சிராயபாளையத்து டீக்கடையில் முடித்துக்கொள்வது குடும்பத்துக்கு நல்லது.

வண்டலூர் வேனும் ஹாம்பர்க் வேனும்

கேம்பர் வேன் என்றதும் எல்லோருக்கும் நினைவு வருகிற உருண்டை மூக்கு ஃபோக்ஸ்வேகன், ஒரு நோட்டுப் புத்தகக் கிறுக்கலில் பிறந்தது. பென் போன் என்ற டச்சுக்கார கார் இறக்குமதியாளர் 1947 ஏப்ரலில் வரைந்தது. 1950 மார்ச்சில் உற்பத்தி தொடங்கியது. என்ஜின் பின்னால், தண்ணீர் இல்லாமல் காற்றிலேயே குளிரும். சக்தி 25 குதிரை. இன்றைய 125 சி.சி. பைக்குகளே 10, 11 குதிரையைத் தாண்டுகின்றன. அப்படி இரண்டரை பைக்கின் பலத்தில் ஒரு வீட்டையே இழுத்தார்கள். 1951-லிருந்து வெஸ்ட்ஃபாலியா என்ற நிறுவனம் அதற்குள் படுக்கையும் அலமாரியும் பொருத்த ஆரம்பித்தது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் ஐரோப்பாவிலிருந்து துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக இந்தியாவுக்கு வந்த ஹிப்பி இளைஞர்களுக்கு இதுதான் தேர். 1979-ல் ஈரானில் புரட்சி, அந்த வருடக் கடைசியில் ஆப்கானிஸ்தானில் சோவியத் படை. தரைவழி மூடிக்கொண்டது. பிரேசிலில் மட்டும் 2013 டிசம்பர் வரை அந்த வேன் தயாரானது.

இதே கதையின் இன்னொரு கிளை நம் ஊருக்கு வந்தது. ஹாம்பர்க்கின் விடால் நிறுவனம் 1949-ல் ‘டெம்போ மெட்டடார்’ என்று ஒரு வேன் செய்தது. அதற்கு என்ஜின் கொடுத்தது ஃபோக்ஸ்வேகன். தன் சொந்த வேன் வந்த பிறகு ஃபோக்ஸ்வேகன் என்ஜின் தருவதை நிறுத்திவிட்டது. மெட்டடார் வேறு என்ஜினோடு பிழைத்துக்கொண்டது. 1958-ல் விடாலோடு கூட்டுச் சேர்ந்து உருவான பஜாஜ் டெம்போ, 1969-ல் இந்தியாவில் மெட்டடாரைக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் நாற்பது வயதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் ஒரு மெட்டடார் கதை வைத்திருப்பார்கள். பெண் பார்க்கப் போனது, சினிமா ஷூட்டிங்குக்கு லைட் ஏற்றியது, ஆம்புலன்ஸாக வந்தது, திருப்பதிக்கு முப்பது பேரை அடைத்துக்கொண்டு போனது. டெம்போ டிராவலர் வந்து அதன் இடத்தைப் பிடிக்கும்வரை ஊர்வண்டி அதுதான்.

சென்னைக்காரர்கள் பெருமைப்பட ஒன்று உண்டு. வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் ஹெரால்ட், கெஸல் கார்களோடு ‘ஸ்டாண்டர்ட் 20’ என்ற வேனையும் செய்தது. எண்பதுகளின் கடைசியில் நிறுவனமே மூடிக்கொண்டதால், ஸ்பேர் கிடைப்பது இன்று அவரவர் அதிர்ஷ்டம். கையில் காசு குறைவாக இருக்கிற இளம் ஜோடிகள் போய் நிற்கும் இடம் மாருதி ஆம்னி. 1984-ல் வந்தது, 2019-ல் நிறுத்தப்பட்டது. 796 சி.சி., மூன்று சிலிண்டர். விண்டேஜ் இல்லை, சரி. ஆனால், எந்த ஊர் மெக்கானிக்கும் கண்ணைக் கட்டிவிட்டால்கூடச் சரிசெய்வார். கல்வராயனுக்கு எந்த வேன் என்று என்னைக் கேட்டால், அழகுக்கு ஃபோக்ஸ்வேகன், பாசத்துக்கு மெட்டடார், போய்ச் சேர ஆம்னி.

இதையெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடித்த வாழ்க்கை என்று நினைக்க வேண்டாம். வைக்கோல் மெத்தை போட்ட கூண்டு வண்டியில் சட்டி பானையோடு குலதெய்வக் கோயிலுக்குக் கிளம்பி, வழியில் மரத்தடியில் மாட்டை அவிழ்த்துவிட்டு, அடுப்பு மூட்டி, வண்டிக்கு அடியிலேயே படுத்து எழுந்த தலைமுறை நம் தாத்தா பாட்டிகள்.

ஏறுற கியர்லயே இறங்கணும்

கல்வராயன், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. பரப்பு ஏறத்தாழ 1,095 சதுர கிலோமீட்டர். பெரும்பாலும் 2,000 முதல் 3,000 அடி உயரம்; சில இடங்கள் அதற்கும் மேல். வடக்கே சின்ன கல்வராயன், தெற்கே பெரிய கல்வராயன். 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது மலையின் பெரும்பகுதி அதோடு வந்தது. கருமந்துறைப் பக்கம் சேலம் மாவட்டத்தில் இருக்கிறது.

கள்ளக்குறிச்சியிலிருந்து போகிறவர்கள் கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக வெள்ளிமலைக்கு ஏறுவார்கள். பெரியார் நீர்வீழ்ச்சி சாலையோரத்திலேயே இருப்பதால் வேன்காரர்களுக்கு முதல் நிறுத்தம் அங்கேதான். சங்கராபுரம் பக்கமிருந்து சேராப்பட்டுக்கு ஏறும் வழி உண்டு. சேலம்காரர்களுக்குக் கரியகோயில் அணைப் பக்கமாகக் கருமந்துறை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைப் பார்த்தவர்களுக்கு இங்குள்ள வளைவுகள் பெரிய சவாலாகத் தெரியாது. கவனம் தேவைப்படுவது வேறு விஷயத்துக்கு. மலையில் மரவள்ளி நிறைய விளைகிறது. கிழங்கு ஏற்றிய லாரிகள் ஆத்தூர், சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு இறங்கி வரும். குறுகிய வளைவில் முட்ட முட்ட பாரம் ஏற்றிய லாரியும் அரசு பஸ்ஸும் எதிரே வந்தால், பழைய வேன்காரரின் நெற்றியில் வியர்வை பூக்கும்.

ஏறுகிற வண்டிக்கே முன்னுரிமை என்பது 2017-ல் வந்த ஓட்டுநர் விதிமுறைகளிலும் இருக்கிறது. அதில் அர்த்தம் உண்டு: ஏற்றத்தில் நின்றுபோன வண்டியைத் திரும்பக் கிளப்புவது கடினம். கிழட்டு வேனுக்கு இன்னும் கடினம். ஆனால் பாரம் ஏற்றிய லாரிக்காரர் இறங்கி வரும்போது, சட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்காமல் அகலமான இடத்தில் ஒதுங்கி வழிவிடுவதுதான் மலைப் பண்பு.

உயரம் கூடக் கூடக் காற்று மெலிகிறது. டர்போ இல்லாத என்ஜின், ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவிகிதம் சக்தி இழக்கும். மூவாயிரம் அடி ஏறினால் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு காலி. 300 குதிரை காருக்கு அது தெரியவே தெரியாது. 25 குதிரை வேனுக்கு அது இரண்டாவது கியருக்கும் முதல் கியருக்கும் உள்ள வித்தியாசம். கோடையில் கள்ளக்குறிச்சி வெயிலில் வெந்த என்ஜினை ஓய்வில்லாமல் மலையேற்றினால், பைப்பிலேயே பெட்ரோல் ஆவியாகிப்போய் வண்டி நின்றுவிடும். பழைய டிரைவர்கள் பெட்ரோல் பைப்பில் ஈரத்துணி சுற்றிவிட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதற்குத்தான். விடியற்காலையில் அடிவாரத்தைத் தாண்டிவிடுவது இதற்கு முக்கால்வாசி மருந்து.

மெட்டடார் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. அது முன்சக்கரம் இழுக்கிற வண்டி. ஏற்றத்தில் எடை பின்பக்கம் சாயும். முன்சக்கரம் லேசாகிப் பிடிப்பை இழக்கும். மழையில் நனைந்த வளைவில் சக்கரம் சும்மா சுழலும். தண்ணீர் கேன், சிலிண்டர் எல்லாவற்றையும் பின்கதவோரம் அடுக்காமல் முன்சீட்டுக்குப் பின்னால் அடுக்குங்கள்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து. “ஏறுற கியர்லயே இறங்கணும்” என்பது மலை டிரைவர்களின் பால பாடம். இரண்டில் ஏறினால் இரண்டிலேயே இறங்க வேண்டும். என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுகிறவர்கள் முழு எடையையும் பிரேக்கின் தலையில் போடுகிறார்கள். பழைய வேனில் இருப்பது டிரம் பிரேக். சூடு வெளியேற வழி குறைவு. லைனிங் கருகும் வாடை வந்த பிறகும் மிதித்தால் பிடிப்பு குறைந்துகொண்டே போகும். பிரேக் ஆயில் வருடக்கணக்கில் மாற்றாமல் இருந்தால் இன்னும் மோசம். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் திரவம். சூட்டில் அந்த ஈரம் ஆவியாக, பெடல் பஞ்சுபோல உள்ளே போகும். மலைக்குக் கிளம்பும் முன் பெயின்ட்டுக்குச் செலவழிக்கிற பணத்தில் கால்வாசியைப் பிரேக் ஆயிலுக்கும் லைனிங்குக்கும் செலவழித்தால் போதும். படத்தில் தெரியாது, உயிரைக் காப்பாற்றும். டேங்கையும் கள்ளக்குறிச்சியிலேயே நிரப்பிவிடுங்கள்.

ராத்திரி எங்கே நிறுத்துவது?

கல்வராயனை ஏற்காடு மாதிரி கற்பனை செய்துகொண்டு வருகிறவர்கள் ஏமாறுவார்கள். கரியாலூரில் படகுத்துறையும் சிறுவர் பூங்காவும் உண்டு. கோடை விழா நடக்கும் வருடங்களில் ரெண்டு நாள் கூட்டம் அலைமோதும். மற்றபடி வரிசையாக லாட்ஜ், ரெஸ்டாரன்ட், ஹோம் மேட் சாக்லேட் கடை எதுவும் இல்லை. மேகம் அருவி போன்ற இடங்களுக்கு வண்டியை விட்டு இறங்கி நடந்தே போக வேண்டும். சாமையும் தினையும் மரவள்ளியும் விளைகிற காடு, கடுக்காயும் தேனும் எடுக்கிற சனங்கள். இந்த மலையைப் பட்டியல் போட்டு ‘ஸ்பாட்’ பார்க்க வந்தால் அரை நாளில் சலித்துவிடும். ஒரு இடத்தில் நின்று, சந்தை கூடுவதையும் பள்ளிக்கூடம் விடுவதையும் பார்த்துக்கொண்டு, டீக்கடை பெஞ்சில் பேச்சுக் கேட்டுக்கொண்டு உட்கார முடிந்தால் இரண்டு நாளும் போதாது. மெதுவாகப் போகும் வேன் இங்கே எடுபடுவதற்குக் காரணம் இதுதான்.

ஆனால், எங்கே நிறுத்துவது என்பதில் சிக்கல் இருக்கிறது. சாலைக்கு இரண்டு பக்கமும் பல இடங்களில் காப்புக்காடு. 1882-ம் வருடத்து வனச் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவதும் தீ மூட்டுவதும் குற்றம். அருவிக்குப் பக்கத்தில் வேனை ஓரங்கட்டி, விறகு பொறுக்கி, கேம்ப் ஃபயர் போட்டு வீடியோ எடுப்பது வழக்கில் கொண்டுபோய் விடும். கோடையில் காட்டையே எரித்தும் விடும். ஊர் இருக்கும் இடத்தில், ஊர்க்காரர்களைக் கேட்டு, அவர்கள் காட்டுகிற இடத்தில் நிறுத்துவதுதான் முறை. பட்டா நிலமென்றால் சொந்தக்காரரிடம் கேட்க வேண்டும். “ராத்திரி மட்டும் நிறுத்திக்கலாமாண்ணே?” என்று கேட்டால் பெரும்பாலும் இடம் கிடைக்கும், கூடவே களியும் குழம்பும் கிடைத்தாலும் ஆச்சர்யமில்லை. காசு கொடுத்தால் வாங்கமாட்டார்கள் என்று வெறுங்கையோடு திரும்புவது நாகரிகம் ஆகாது. அவர்களிடமே சாமையும் தேனும் விலைக்கு வாங்கலாமே.

இன்னொன்று, போலீஸ். கள்ளச்சாராயத்தால் இந்த மலையின் பெயர் கெட்டுப்போயிருக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த விஷச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. மலைமேல் ஊறல் அழிப்பு என்ற செய்தி அடிக்கடி வரும். பின்பக்கம் திரை போட்ட பழைய வேன், உள்ளே வரிசையாக கேன்கள். சோதனைச் சாவடியில் திறந்து காட்டச் சொல்லாமல் இருந்தால்தான் அதிசயம். முகம் சுளிக்காமல் காட்டிவிடுங்கள்.

கழிப்பறை பற்றிப் பேசாமல் தம்பதிப் பயணம் பற்றி எழுதுவது பாதிக் கட்டுரை. அந்தக் காலத்து கேம்பர் வேன்கள் பெரும்பாலானவற்றில் கழிப்பறை கிடையாது. ஆண்கள் எழுதும் பயணக் கட்டுரைகளில் இந்தப் பிரச்னையும் கிடையாது. மூடியுள்ள பிளாஸ்டிக் வாளி, மரத்தூள், ஒரு சின்னக் கூடாரம் என்று கைவசம் வைத்துக்கொள்பவர்கள் உண்டு. அதையும் ஓடையில் கொட்டிவிட்டுப் போகக் கூடாது. கோமுகியும் மணிமுத்தாறும் பிறக்கிற மலை இது. இங்கே கொட்டுவது கீழே வெள்ளாற்றுக்குத்தான் போகும்.

சாலையின் வயது

கல்வராயனில் வாழ்பவர்கள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை; மலையாளி என்றால் இங்கே மலையில் வாழ்பவர். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகளின் வழியில் பிரிந்து சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை என்று குடியேறியதாக இவர்களின் வாய்மொழிக் கதை. நாடு சுதந்திரம் அடைந்தும் இந்த மலை நெடுங்காலம் மூன்று ஜாகீர்தார்களின் பிடியில்தான் இருந்தது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் வந்த 1976-ல், நெருக்கடி நிலைக் காலத்தில்தான் அரசாங்கம் மலையைத் தன் கையில் எடுத்தது. யோசித்துப் பாருங்கள். மெட்டடார் வேன் இந்தியச் சாலைக்கு வந்து ஏழு வருடம் கழித்துத்தான் அரசாங்கம் கல்வராயனுக்கு வந்தது. நாம் ‘விண்டேஜ்’ என்று கொஞ்சுகிற வண்டிகளைவிட இந்த மலையின் அரசு நிர்வாகம் இளையது.

சாராயச் சாவுகளுக்குப் பிறகு 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம், கல்வராயன் மக்களின் வாழ்க்கை நிலை பற்றித் தானே முன்வந்து வழக்கு எடுத்தது. சாலை இருக்கிறதா, பஸ் வருகிறதா, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், ரேஷன் கடை எப்படி இருக்கின்றன என்று அரசைக் கேட்டது. முதல்வரோ அமைச்சரோ நேரில் போய்ப் பார்க்கலாமே என்றும் சொன்னது. சுதந்திரம் பெற்று எழுபத்தேழு வருடம் ஆனபின் ஒரு நீதிமன்றம் கேட்ட கேள்விகள் இவை.

நமக்கு இந்த மலைப் பயணம் பொழுதுபோக்கு. மேலே இருப்பவர்களுக்கு இதே சாலைதான் பிரசவ வலி எடுத்தவளைக் கீழே கொண்டுவருவதற்கும், கிழங்கை ஆலைக்கு அனுப்புவதற்கும், பிள்ளையைக் கல்லூரியில் சேர்ப்பதற்கும் வழி. வளைவில் வேனைக் குறுக்கே நிறுத்தி சூரிய உதயத்தோடு படம் எடுக்கும் ஜோடி, அந்த நேரத்தில் பின்னால் ஆம்புலன்ஸ் வராது என்று எந்த நம்பிக்கையில் நிறுத்துகிறது?

கேரளம் 2021-ல் கேரவன் சுற்றுலாக் கொள்கை அறிவித்தது. தமிழ்நாட்டின் 2023 சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் சுற்றுலாவுக்கு இடம் இருக்கிறது. அந்தக் கொள்கை மனதில் வைத்திருப்பது ஏ.சி., குளியலறை, டி.வி. எல்லாம் வைத்த பெரிய வண்டிகளை. அதாவது சினிமா நட்சத்திரங்கள் மேக்கப் போடும் கேரவன்களின் தம்பிகளை. கல்வராயனின் வளைவுகளில் அவை திரும்பும்போது, பின்னால் கிழங்கு லாரியும் பஸ்ஸும் காத்துக்கிடக்கும். இந்த மலைக்குச் சின்ன வண்டிதான் அளவு. ஆம்னி, மெட்டடார், அதற்கு மேல் வேண்டாம். பெரிய கேரவன்களை அடிவாரத்தோடு, கோமுகி அணையோடு நிறுத்திவிடலாம்.

சுற்றுலாத் துறைக்கு ஒரு வேண்டுகோள். வெள்ளிமலையிலும் கரியாலூரிலும் பத்து வண்டி நிற்கிற அளவு ஒரு மைதானம், அதில் தண்ணீர்க் குழாய், விளக்கு, பெண்களுக்குப் பூட்டுப் போடக்கூடிய கழிப்பறை. இவ்வளவுதான் கேட்பது. ரிசார்ட் வேண்டாம். அந்தக் கழிப்பறையும் குழாயும் சந்தைக்கு வரும் மலைப் பெண்களுக்கும் திறந்திருக்க வேண்டும். ராத்திரிக்கு வண்டி ஒன்றுக்கு வாங்கும் கட்டணம் ஊராட்சிக்கே சேர வேண்டும். வேனில் கிளம்பும் தம்பதிகளுக்கும் ஒன்று: மேலே கொண்டுபோன பிளாஸ்டிக் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கட்டி, கள்ளக்குறிச்சி நகராட்சிக் குப்பைத் தொட்டி வரைக்கும் கீழே எடுத்து வந்துவிடுங்கள்.